ஹூபெர்தின் பெயரில் இருந்த காற்று

எவாரிஸ்தோவுக்குத் தன் பெண்டாட்டியின் பெயரைச் சொல்ல வராது. கல்யாணமாகிப் பத்து வருஷம் முடியப்போகிறது; இன்னும் 'ஊபெர்தின்' என்றுதான் கூப்பிடுகிறான். அவள் பெயர் ஹூபெர்தின். பிரெஞ்சில் எழுதும்போது அந்த முதல் எழுத்து சும்மா அழகுக்கு நிற்கும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பெல்ஜியத்தின் மேஸ் ஆற்றங்கரையில், தில்லர் ஊரின் சுரங்கத் தொழிலாளர் சந்துகளில், வலூன் என்ற வட்டாரமொழி பேசுகிறவர்கள் வாயில் அந்த எழுத்து உயிரோடு இருந்தது.

அது எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் அதைப்போல எளிதான ஒலி வேறு கிடையாது. நாக்குக்கு அங்கே வேலை இல்லை. உதட்டுக்கும் இல்லை. நெஞ்சிலிருந்து மூச்சு கிளம்ப வேண்டும், தொண்டை ஒன்றும் செய்யாமல் வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். குளிரில் விறைத்த விரல்களை வாயருகே வைத்துச் சூடேற்றுகிறோமே, அதே மூச்சு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்து வந்துவிடும். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இதில் வேலை. தொண்டையைச் சும்மா இருக்கச் சொல்லி, எவாரிஸ்தோவைப்போல இத்தாலியிலிருந்து வந்தவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

மற்றதெல்லாம் அவனுக்கு வந்துவிட்டது. வலூனில் ஆவுக்கும் ஓவுக்கும் நடுவே ஓர் ஒலி உண்டு. ஆ என்று வாயைத் திறந்து, உதட்டைக் குவித்துக்கொண்டே போய், ஓவைத் தொடுவதற்கு முன் பாதி வழியில் நின்றுவிட வேண்டும். அதை ஒரே குளிர்காலத்தில் பிடித்துவிட்டான். சொல்லின் கடைசியில் வலிந்து ஓர் உயிரெழுத்தை ஒட்டவைக்கும் இத்தாலிப் பழக்கத்தை இரண்டு வருஷத்தில் வெட்டி எறிந்தான். இந்தக் காற்று மட்டும் வரவில்லை. ஹூபெர்தின் மெழுகுவர்த்தியை அவன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், சுடர் ஆடவில்லை. உள்ளங்கையில் மாவைக் கொட்டிப் பார்த்தாள், மாவு பறக்கவில்லை. மகள் ரோசினா எட்டு வயதில், பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த ஒலியைச் சொல்வாள்.

"பப்பா, நீ யோசிக்கிற. யோசிச்சா வராது."

"யோசிக்காம எப்படிடி பேசுறது?"

"அம்மா திட்டும்போது யோசிச்சா திட்டுறா?"

ஹூபெர்தின் அடுப்பில் காபியை வடித்தபடி சிரித்தாள். சிக்கரி கலந்த காபி. அதன் கசப்பு மணம் வீடெல்லாம் நிற்கும். எவாரிஸ்தோ ரொட்டியை முக்கித் தின்றுவிட்டு, இருட்டோடு கிளம்பிப் போனான்.

சுரங்கத்தில் அவனை 'வாரிஸ்த்' என்பார்கள். விளக்கறை ஜன்னலில் எண் பொறித்த தன் பித்தளை வில்லையை நீட்டி, இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் விளக்கை வாங்கிக்கொள்வான். பத்து வருஷத்துக்கு முன் அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஹூபெர்தின் இருந்தாள். விளக்கைக் கொடுப்பாள், மாலையில் திரும்ப வாங்கித் துடைத்து வைப்பாள். எந்த விளக்கு திரும்பவில்லை என்று முதலில் தெரிவது அந்த ஜன்னலுக்குத்தான்.

விளக்கை இடுப்பில் மாட்டிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் இரும்புக் கூண்டில் ஏறினால், அதற்குப் பிறகு மனிதன் செர்வேயின் கையில்.

செர்வே, கூண்டை இறக்கி ஏற்றும் எஞ்சின்காரன். தனியாக ஓர் உயரமான கட்டடத்தில், பெரிய சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். கூண்டை அவன் பார்க்க முடியாது. எதிரே ஒரு வட்டப் பலகையில் முள் நகரும், கயிற்றில் வெள்ளைக் குறிகள் ஓடும், மணி அடிக்கும். நிலக்கரி என்றால் சரசரவென்று விடலாம். ஆள் என்றால் அதற்குத் தனி மணி. அப்போது பிடியை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் எண்ணியபடி இறக்க வேண்டும். எழுநூறு மீட்டர். அடியைத் தொடும்போது முழங்கால் மடங்கினால் அவன் கெட்ட எஞ்சின்காரன். செர்வே இறக்கினால் வாயில் இருக்கும் புகையிலைச் சாறுகூட அலுங்காது என்பார்கள்.

எவாரிஸ்தோவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு நாளாவது அவன் கூண்டைத் தரையில் முட்டவிட்டிருந்தால் மனதாரத் திட்டியிருக்கலாம்.

இந்த எரிச்சலுக்குக் காரணம் நாடகம். வால்தேர், அவனோடு சேர்ந்து நிலக்கரி வெட்டுகிறவன், ஊரின் வலூன் நாடகக் குழுவுக்குத் தலைவன். காபிக் கடைக்குப் பின்னால் இருந்த கூடத்தில், செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை. அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, பிப்ரவரியில் போடவிருந்த மூன்று அங்க நாடகத்தில் மயோன் என்ற சலவைக்காரியாக ஹூபெர்தின். அவளைக் கட்டிக்கொள்ளத் தவிக்கும் படகோட்டியாக செர்வே. பெண்டாட்டி செத்து ஆறு வருஷமானவன், நாற்பத்திரண்டு வயதுக்கு நிமிர்ந்த முதுகு, பளபளக்கிற காலணி.

எவாரிஸ்தோ ஊதுகிறவன். நடிகர்கள் வசனத்தை மறந்தால் கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுப்பவனை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"வேத்து நாட்டான் வாய் உனக்கு. மேடையில ஏத்த முடியாது," என்று மூன்று வருஷம் முன்பு வால்தேர் சொன்னான். "ஆனா கிசுகிசுன்னு பேசினா நீ எந்த ஊர்க்காரன்னே தெரியல, கவனிச்சியா?"

உண்மைதான். கிசுகிசுக்கும்போது தொண்டைக்குள் அதிர்வே இருக்காது. எல்லா எழுத்தும் வெறும் காற்றாக மாறிவிடும். யார் எங்கே பிறந்தவன் என்பதில் பாதிக்கு மேல் அந்தக் காற்றில் கரைந்துபோகும். பத்து வருஷமாக ஒரு எழுத்துக்குக் காற்று இல்லாமல் தவித்தவன், பொந்துக்குள் குனிந்து கிசுகிசுத்தபோது எல்லா எழுத்துக்கும் காற்று இருந்தது.

பொந்து என்பது மேடையின் முன்விளிம்பில், நடுவில் வெட்டிய குழி. தலை மட்டும் பலகைக்கு மேலே நிற்கும். கூட்டத்தின் கண்ணுக்குப் படாமல் மரக் கவிகை மறைத்துவிடும். உள்ளே உட்கார்ந்தால் நடிகர்களின் முகம் ஆகாயத்தில் இருக்கும்; மூக்குக்கு நேரே இருப்பது காலணிகள்தான். நல்ல ஊதுகிறவன் முகத்தைப் பார்க்கவும் மாட்டான். வசனம் மறந்தவனின் முகம் இன்னும் ஒரு நொடி பொய் சொல்லும், கால் சொல்லாது. கட்டைவிரல் காலணிக்குள் மடங்கும், மேல்தோலில் ஒரு சுருக்கம் விழும். அப்போதே முதல் மூன்று சொல்லை ஊதிவிட வேண்டும். அதிகம் கொடுத்தால் கூட்டத்துக்குக் கேட்கும், குறைத்தால் நடிகனுக்குப் போதாது.

ஜனவரி முழுக்க எவாரிஸ்தோ செர்வேயின், ஹூபெர்தினின் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் எங்கே நிற்க வேண்டும் என்று வால்தேர் பலகையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தான். இருவருக்கும் நடுவே இரண்டு அடி. மூன்றாம் அங்கத்தில், படகோட்டி கடைசியில் வாய்திறந்து பெண் கேட்கும் இடத்தில், செர்வேயின் காலணி கோட்டைத் தாண்டி வந்தது. முதல் வாரம் ஒரு விரற்கடை. அடுத்த வாரம் ஒரு சாண். ஹூபெர்தினின் காலணியோ பின்வாங்கவில்லை. பின்வாங்காதது மட்டுமா? அவள் இடது குதிகால் மெல்ல மேலே எழும்பி, கால்விரலில் நின்றது. உயரமான ஒருத்தன் முகத்துக்கு எட்ட வேண்டுமென்றால் ஒரு பெண் அப்படித்தான் நிற்பாள்.

அப்புறம் செர்வே, "ஹூத், மயோன்," என்பான். ஹூத் என்றால் கேள். கூடத்தில் அடுப்பு எட்டாத மூலையில் குளிர் அடிக்கும். அந்தச் சொல்லோடு அவன் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகைச்சுருள் கிளம்பி, ஹூபெர்தினின் நெற்றி வரை போய்க் கலையும். ஒத்திகை முடிந்து மேல்கோட்டை மாட்டும்போது, "வரட்டுமா, ஹூபெர்தின்?" என்பான். அங்கேயும் அந்தப் புகை. எவாரிஸ்தோ கண்ணால் பார்த்தான். இன்னொருத்தன் வாயில் தன் பெண்டாட்டியின் பெயர் முழுசாக இருந்தது.

நாடகத்துக்கு முந்தைய வியாழன், வீட்டு மேசைமேல் ஒரு ஜாடி இருந்தது. பேரிக்காய்ப் பாகு, கருப்பாக, கெட்டியாக.

"யாரு குடுத்தா?"

"செர்வே." ஹூபெர்தின் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"ரொட்டில தடவித் திங்க."

"அது தெரியும். நமக்கு எதுக்குக் குடுத்தான்னு கேட்டேன்."

"அவன் அக்கா காய்ச்சினா. நாலு ஜாடி. வால்தேர் வீட்டுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. போய் வால்தேர் பெண்டாட்டிகிட்டயும் கேளு, எதுக்குன்னு."

அவன் ஜாடியைத் தள்ளி வைத்தான். கிழங்குத் தோல் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் வசனத்தை முணுமுணுத்தபடியே சீவினாள். காற்று ஒலி வரும் இடத்தில் கையை வாய்முன் கொண்டுபோய்ச் சரிபார்த்தாள்.

"என்னய்யா அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது? சுரங்கத்துல எதுவும் ஆச்சா? நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"ராத்திரியெல்லாம் இருமுற."

"ஊரே இருமுது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல அவனையே பார்த்தாள். பிறகு சொல்லாமல் அடுத்த கிழங்கை எடுத்தாள். அந்தச் சொல்லாத சொல் எதுவென்று எவாரிஸ்தோ அன்றிரவும் மறுநாளும் யோசித்தான். எந்த வழியில் யோசித்தாலும் செர்வேயின் வாசலில் போய் முடிந்தது. சனிக்கிழமை காலை கூண்டு இறங்கும்போது, தன் உயிர் அந்த மனிதனின் விரல் நுனியில் தொங்குவதை நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் உயிர் என் வாயில் தொங்கும் என்றும் நினைத்தான். நினைத்ததும் நெஞ்சுக்குள் கெட்ட சந்தோஷம் ஒன்று சூடாகப் பரவியது.

ஞாயிறு மூன்று மணிக்கு நாடகம். கரித்தூள் கலந்த மழை. கூடத்தில் நனைந்த கம்பளிக் கோட்டும் குழாய்ப் புகையிலையும் ஜூனிப்பர் சாராயமும் கலந்த வாசனை. இருநூறு பேர் இருக்கும்; பின்வரிசையில் இத்தாலிக்காரர்களும் பெண்டாட்டி பிள்ளைகளோடு. ரோசினா முன்வரிசையில் வால்தேர் பெண்டாட்டியின் பக்கத்தில்.

இரண்டு அங்கம் பழுதில்லாமல் ஓடியது. யாருக்கு எங்கே தடுக்கும் என்று அவனுக்கு அத்துப்படி. ஆறு இடத்தில் ஊதினான், ஆறும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் அங்கம் வந்தது. செர்வே தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தான். அவன் காலணி கோட்டில் நிற்கவில்லை, தாண்டியது. ஒரு சாண். இன்னும் கொஞ்சம். ஹூபெர்தினின் குதிகால் எழும்பியது.

"ஹூத், மயோன்," என்றான் செர்வே.

அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

எவாரிஸ்தோ பார்த்தான். பளபளத்த காலணியின் மேல்தோலில் ஒரு சுருக்கம் விழுந்தது. பிறகு இரண்டாவது சுருக்கம். அடுத்த வரி அவன் விரலுக்குக் கீழே, தாளில் இருந்தது: எனக்குப் பேச வராது, ஆனால் உன் வாசலைத் தாண்டவும் கால் வரமாட்டேனென்கிறது. முதல் மூன்று சொல் போதும். மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டான்.

செர்வேயின் கண் கீழே வந்தது. காத்திருந்தது. கூடத்தில் யாரோ இருமினார்கள், யாரோ அதட்டினார்கள். கட்டைவிரல் மூன்றாவது முறை மடங்கியது. வியர்த்து, சிவந்து, ஊர் சிரிக்க நிற்கட்டும் என்று எவாரிஸ்தோ நினைத்தான். ஊதவில்லை. அப்போது ஹூபெர்தினின் முகமும் குனிந்தது. மேடை வெளிச்சத்துக்கு அடியில் அவன் வாய் மூடியிருப்பதை அவள் பார்த்தாள். பத்து வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவளுக்கு அதற்குமேல் எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் செர்வேயிடமிருந்து ஓரடி விலகினாள்.

"உனக்கு வரலைன்னா விடு, நானே சொல்லிடுறேன்," என்றாள், இடுப்பில் கைவைத்து. நாடகத்தில் இல்லாத வசனம். "பொண்ணு கேக்கிறது எப்படின்னு எனக்கு ஒருத்தன் முன்னமே காட்டிட்டான். இப்படிச் சொல்லணும்."

பிறகு குரலை மாற்றினாள். கையைக் காற்றில் இத்தாலிக்காரனைப்போல ஆட்டி, காற்று இருக்க வேண்டிய இடத்தில் காற்றே இல்லாமல், சொல்லுக்கெல்லாம் வால் ஒட்டிச் சொன்னாள்:

"ஊத்தே, மயோனே! காலையில அழுக்குச் சட்டை குடுக்கிறேன். சாயங்காலம் வெளுத்து வாங்கிக்கிறேன். நடுவுல நான் ஆத்தோட போயிட்டா உனக்கு ஒரு சட்டை மிச்சம். அவ்வளவுதானா? அவ்வளவுதானா நம்ம கணக்கு?"

கூடம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. பின்வரிசை இத்தாலிக்காரர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். எவாரிஸ்தோவுக்குக் காது எரிந்தது. அது அவன் வசனம். அதில் சட்டைக்குப் பதில் விளக்கு, ஆற்றுக்குப் பதில் சுரங்கம், மிச்சத்துக்குப் பதில் குறைவு. விளக்கறை ஜன்னலில், மூன்று வாரமாக மனப்பாடம் செய்து, முகமெல்லாம் கரியோடு அவளிடம் சொன்னது. அதை உலகத்தில் இரண்டே பேர் அறிவார்கள். அதை எடுத்து ஊர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள் என்று நினைத்தான்.

சிரிப்பு அடங்கியபோது அவள் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"இப்படிச் சொன்னான்," என்றாள், தன் சொந்தக் குரலில், மெதுவாக. "கேட்டுட்டு நான் உள்ள போய் அழுதேன். இப்ப நீ சொல்லு, படகுக்காரா. உன்னால முடிஞ்சதச் சொல்லு."

அவள் காலணி இரண்டும் பொந்தைப் பார்த்து நின்றன. எவாரிஸ்தோ ஊதினான்: "எனக்குப் பேச வராது." செர்வே பிடித்துக்கொண்டான். நாடகம் கரை சேர்ந்தது.

பிறகு ஆளாளுக்கு வந்து கைகுலுக்கினார்கள். "அந்த மௌனம் இருக்கே! அங்கதான்யா எனக்கு மூச்சே நின்னுச்சு," என்றான் வால்தேர். செர்வே கழுத்துத் துணியை அவிழ்த்தபடி பொந்தருகே வந்தான். எவாரிஸ்தோவின் கண்ணை நேராகப் பார்த்தான்.

"ஒன்பது," என்றான்.

"என்ன ஒன்பது?"

"நீ ஊதாம வாயை மூடியிருந்தப்ப எஞ்சின்காரன் எண்ணாம இருப்பானா?" சொல்லிவிட்டு வேறொன்றும் சொல்லாமல் போனான்.

வீட்டுக்கு நடக்கும்போது ரோசினா குதித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். மழை விட்டிருந்தது. சுரங்கக் கழிவு கொட்டிய கரிக்குன்றிலிருந்து ஆவி பறந்தது.

"கேளு, ஏன் ஊதலைன்னு கேளு," என்றான் எவாரிஸ்தோ.

"எதுக்குக் கேக்கணும்? ஒரு மாசமா உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே."

"அவன் கோட்டைத் தாண்டி வரான். ஒத்திகைக்கு ஒத்திகை தாண்டி வரான்."

அவள் நின்றாள்.

"உன்கிட்ட வரான்யா! என்கிட்டயா வரான்? கோடு தாண்டினா எது பக்கம்? உன் பொந்து பக்கம். நீ ஊதுறது கேக்கமாட்டேங்குது. கிறிஸ்துமஸிலேர்ந்தே கேக்கல. உன் மூச்சு சின்னதாயிட்டே வருது. எல்லாருக்கும் தெரியும். வால்தேருக்குத் தெரியும். 'அவன்கிட்ட சொல்லாதீங்க, நான் கிட்டப் போய் நின்னுக்கிறேன்'னு சொன்னதே செர்வேதான்."

வியாழக்கிழமை அவள் சொல்ல வந்து சொல்லாத சொல் இதுதான் என்று எவாரிஸ்தோவுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரு முள் மிச்சம் இருந்தது.

"அப்ப நீ எதுக்குக் குதிகாலைத் தூக்கின?"

"அங்க ஒரு ஆணி தலை தூக்கிட்டு நிக்குது! நாலு தடவை வால்தேர்கிட்ட சொல்லிட்டேன். போய்த் தடவிப் பாரு. நாளைக்கே சுத்தியல் எடுத்துட்டுப் போய் அடி. டாக்டர்கிட்டயும் போ. முதல்ல டாக்டர், அப்புறம் ஆணி."

"அவன் உன் பேரைச் சொல்றான்," என்றான் அவன் விடாமல். "முழுசாச் சொல்றான்."

"சொல்றான். கறிக்கடைக்காரன் சொல்றான், பாதிரியார் சொல்றார், எதிர்வீட்டுக் கிழவன் சொல்றான். இந்த ஊர்ல எல்லார் வாயிலயும் அந்தக் காத்து வருது. காத்து வராத வாய் ஒண்ணே ஒண்ணு. அது கூப்பிட்டாத்தான் எனக்கு வீட்ல கூப்பிடுறாங்கன்னு தெரியும்." அவள் அவன் கையை இழுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நட. பாகு இருக்கு, ரொட்டி சுடணும். திங்கமாட்டியா?"

"திங்கிறேன்," என்றான்.

திங்கட்கிழமை காலை இருநூற்றுப் பன்னிரண்டை வாங்கிக்கொண்டு கூண்டில் ஏறினான். பக்கத்தில் வால்தேர். தோளோடு தோள் இடித்தபடி இன்னும் பதினொரு பேர். ஆள் மணி அடித்தது. தரை நழுவியது.

பாதி வழியில் கூண்டு நின்றது.

முட்டவில்லை, குலுங்கவில்லை. கயிறு ஒருமுறை மெல்லப் பெருமூச்சுவிட்டதுபோல் நீண்டு சுருங்க, பதின்மூன்று பேரும் இருட்டில் முந்நூற்றைம்பது மீட்டர் ஆழத்தின்மேல் தொங்கினார்கள்.

"என்னாச்சு அவனுக்கு?" என்றான் ஒருத்தன். "தூங்கிட்டானா?"

"செர்வே நடுவுல நிறுத்தினதே இல்லையே," என்றான் வால்தேர்.

எவாரிஸ்தோ எண்ணிக்கொண்டிருந்தான். மூன்று. நான்கு. சுவரில் நீர் சொட்டியது. ஆறு. மேலே எங்கேயோ அந்த மனிதன் பிடியை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடி, இதே எண்ணை இதே வேகத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஏழு. ஒன்பதோடு நிறுத்துவானா? எட்டு.

ஒன்பது.

கூண்டு இறங்கத் தொடங்கியது, பட்டுத்துணி நழுவுவதுபோல.

அடைத்து வைத்திருந்த மூச்சு முழுக்க எவாரிஸ்தோவின் நெஞ்சிலிருந்து கிளம்பி வாய் வழியாகப் போனது. தொண்டை வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அவன் இடுப்பு விளக்கை முகத்தருகே தூக்கியிருந்தான். அதன் கண்ணாடியில் ஆவி படிந்தது. அந்த மூச்சின் வாலைப் பிடித்துக்கொண்டு, யோசிக்காமல், ஒரு பெயர் வந்தது.

"ஹூபெர்தின்."

பிறகு வால்தேரின் கை அவன் தோளில் விழுந்தது.

"யோவ் வாரிஸ்த்! வந்துடுச்சுய்யா! பத்து வருஷம் கழிச்சு வந்துடுச்சு! எங்க, இன்னொரு தடவை சொல்லு!"

கூண்டு அடியில் உட்கார்ந்தது. ஒருவர் முழங்காலும் மடங்கவில்லை. எவாரிஸ்தோ கண்ணாடியைச் சட்டைக்கையால் துடைத்தான்.

"ஊபெர்தின்கிட்ட சொல்லிடாத," என்றான்.